மதுரையிலிருந்து இங்கிலாந்து போன பிள்ளைகளுக்கு: வீட்டுக்கு ஆள் கூப்பிடணும்னா டீக்குக் கூப்பிடுங்க

லீட்ஸில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் திருமங்கலத்துத் தம்பி கேட்டிருந்தார்: "அக்கா, ஆபீஸ் ஆட்கள் நாலைந்து பேரை வீட்டுக்குக் கூப்பிடலாம்னு இருக்கேன். டின்னர் வைக்கணுமா?"

வேண்டாம் தம்பி, டீ போதும். டின்னர் என்றால் என்ன சமைப்பது, யார் சைவம், எப்போது கிளம்புவார்கள் என்று அன்று முழுக்க ஓட்டம்தான். சனி, ஞாயிறு மத்தியானம் டீ என்றால் வருகிறவர்களுக்கும் லேசு, உங்களுக்கும் லேசு. நான் அங்கே சில வருஷம் குடித்தனம் செய்துவிட்டு மதுரைக்கே திரும்பிவிட்டேன். இங்கே அண்ணாநகரில் எங்கள் தெருவிலிருந்து படிக்கப் போகிற பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன்.

கூப்பிடும்போதே "மூன்றரை முதல் ஐந்தரை வரை" என்று எழுதிவிடுங்கள். மதுரையில் ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, ஐந்தரைக்குக் கிளம்பிவிடுங்கள் என்று சொன்னால் அதோடு போக்குவரத்து முடிந்தது. அங்கே முடிகிற நேரத்தைச் சொல்வதுதான் மரியாதை. லீட்ஸ் பக்கம் நேரத்தைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வட இங்கிலாந்தில் பலர் மாலைச் சாப்பாட்டையே டீ என்பார்கள். நேரம் போடாவிட்டால் பசியோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அப்புறம், "சாப்பிடக் கூடாதது ஏதாவது உண்டா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். நம் ஆட்கள் இதைச் சைவமா அசைவமா என்பதோடு முடித்துவிடுகிறார்கள். அங்கே வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர் என்றால் சும்மா இல்லை, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். கடலைமிட்டாயை எடுத்து உள்ளே வைத்துவிட்டால் போதாது. சாத்தூர் சேவு கடலை எண்ணெயில் பொரித்ததாக இருக்கலாம். முறுக்கில் எள் இருக்கும், அதுவும் சிலருக்கு ஆகாது. கோதுமை ஆகாதவருக்குப் பருப்பு வடை தாராளமாகக் கொடுக்கலாம் என்று நினைப்போம். ஆனால் அதில் போடும் பெருங்காயத்தின் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். அப்படிப்பட்டவர் வருகிறார் என்றால் பெருங்காயமே போடாதீர்கள், இஞ்சியும் சோம்பும் போதும். எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி வைத்தால் அவர்கள் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

பலகாரம். 1840 வாக்கில் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னாவுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கும் எட்டு மணி டின்னருக்கும் நடுவில் பசி தாங்கவில்லையாம். டீயோடு கொஞ்சம் ரொட்டி, கேக் கொண்டுவரச் சொல்ல, அதுவே பெரிய இடத்து வழக்கமாகிவிட்டது என்பார்கள். நாலு மணிக்கு வயிறு கேட்பது சிம்மக்கல் டீக்கடையில் வடை எடுக்கிறவருக்கும் அதே கணக்குதான். ஆகவே முழு வெள்ளைக்காரத் தட்டு வைத்து அவர்களிடமே பரீட்சை எழுத வேண்டாம். பாதி அவர்களுடையது, பாதி நம்முடையது.

அவர்கள் பாதிக்கு வெள்ளரிக்காய் சாண்ட்விச், ஸ்கோன் என்கிற சின்ன பன். வெள்ளரிக்காயை மெல்லிசாக நறுக்கி, உப்புத் தூவிக் கொஞ்ச நேரம் வைத்துத் தண்ணீரைத் துடைத்துவிடுங்கள். ரெண்டு ரொட்டியிலும் ஓரம் வரை வெண்ணெய் தடவினால்தான் ஊறாமல் இருக்கும். ஓரத்தை வெட்டிவிட்டு விரல் அகலத்துக்கு நறுக்குங்கள். ஸ்கோன் கடையில் வாங்குங்கள், வீட்டில் செய்து கஷ்டப்பட வேண்டாம். அதற்கு ஜாமும், கிளாட்டட் கிரீம் என்கிற கெட்டிப் பாலேடும் வேண்டும். தென்மேற்கு இங்கிலாந்தில் பக்கத்துப் பக்கத்து மாவட்டங்கள்தான், ஆனால் கார்ன்வால்காரர் ஜாமை முதலில் தடவுவார், டெவன்காரர் கிரீமை. அந்தப் பஞ்சாயத்துக்குள் நீங்கள் போகாதீர்கள், ரெண்டையும் தனித்தனியாக வைத்துவிடுங்கள்.

நம் பாதிக்குப் பருப்பு வடை நல்லது. காலையிலேயே பொரித்து, ஆட்கள் வந்ததும் ஓவனில் 180 டிகிரியில் ஏழெட்டு நிமிஷம் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். உளுந்த வடை அப்படி வராது, ரப்பராகிவிடும். ஆள் வந்தபிறகு எண்ணெய்ச் சட்டி வைத்தால் புகைக்கு அலாரம் அலறும். அது போதாதென்று வந்தவர் கோட்டெல்லாம் பஜ்ஜி வாசம்.

டீயும் ரெண்டு விதமாக வையுங்கள். கேத்தலில் ஆளுக்கு ஒரு ஸ்பூன் தூள், கொதிக்கிற தண்ணீர், மூன்று முதல் ஐந்து நிமிஷம்; பால் தனியாக, சூடாக்காமல். நிறையப் பேர் சீனி போடாமல் குடிப்பார்கள், அதையும் தனியாக வையுங்கள். இன்னொரு சட்டியில் இஞ்சி தட்டிப் போட்டு, போடி ஏலக்காய் ரெண்டு நசுக்கி, நம் டீ. இதற்கு நீல மூடிப் பால் வாங்குங்கள், அதுதான் கொழுப்பு எடுக்காதது. பச்சை, சிவப்பு மூடியில் போட்டால் தண்ணி டீதான். ஒரு தடவை தூக்கி ஆற்றிக் காட்டுங்கள், எல்லாரும் போனை எடுத்துவிடுவார்கள். ஆனால் எவர்சில்வர் டம்ளரில் கொடுக்காதீர்கள், எங்கே பிடிப்பது என்று தெரியாமல் சுட்டுக்கொள்வார்கள்.

ஒன்றைக் கட்டாயம் அடக்கிக்கொள்ளுங்கள்: "இன்னும் ஒண்ணு வச்சுக்கோங்க." ஒரு தடவை கேட்கலாம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நமக்கு மூன்றாம் தடவை கேட்பது பாசம், அவர்களுக்கு அது தர்மசங்கடம்.

செருப்பைப் பற்றி ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் வெளியே கழற்றுவது வழக்கம் என்று கூப்பிடும்போதே சொல்லிவிடுங்கள். வாசலில் வந்து நிற்கும்போது சொன்னால் ஓட்டை சாக்ஸோடு வந்தவர் பாடு திண்டாட்டம்.

கடைசியாகப் பெட்டி. விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்கப் போனால் ஒரு சுங்குடியும் எடுத்து வையுங்கள், டேபிளில் விரித்தால் பேச்சு அதிலேயே ஆரம்பிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் நெய்யும் வேண்டாம், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் சரி. இந்தியாவிலிருந்து பால் பொருள் கொண்டுவர அங்கே அனுமதி இல்லை, ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். அம்மா அழுதுகொண்டே கட்டிக் கொடுத்தது என்று சொன்னாலும் விட மாட்டார்கள்.