இயேசு உயிர்த்தெழுந்தார் என்ற உயிர்ப்பின் செய்தி உங்கள் துக்கத்தில் எப்போது துணை நின்றது?

கோட்டாறு மகள்:
ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அம்மா இறந்தார்கள். அடக்கத் திருப்பலியில் பெட்டியின் அருகே பாஸ்காத் திரியை, அதாவது ஆண்டுதோறும் பாஸ்கா (ஈஸ்டர்) இரவில் புதிதாக ஏற்றும் பெரிய மெழுகுதிரியை, ஏற்றி வைத்தார்கள். ஏறக்குறைய ஓராண்டு எரிந்து குறைந்திருந்த அந்தத் திரியில் ஆண்டைக் குறிக்கும் எண்கள் இன்னும் தெளிவாக இருந்தன. இயேசுவின் ஐந்து திருக்காயங்களைக் குறிக்கும் சாம்பிராணி மணிகளில் ஒன்று மட்டும் உதிர்ந்திருந்தது. அந்த எண்களைப் பார்த்தபோதுதான் உறைத்தது: போன ஆண்டு பாஸ்கா இரவில், விளக்குகளை அணைத்த கோயிலுக்குள் "கிறிஸ்துவின் ஒளி இதோ" என்று குருவானவர் பாடி வந்தபோது, அம்மா தம் மெழுகுதிரியைப் பற்றவைத்தது இதே திரியின் சுடரிலிருந்துதான். அழுகை அடங்கவில்லை, ஆனாலும் அம்மா விசுவசித்ததை நானும் விசுவசிக்கிறேன் என்று அன்று மனதார என்னால் சொல்ல முடிந்தது.

பாளை ஆசிரியர்:
விபத்தில் தம்பியை இழந்தோம். "அவன் கர்த்தரிடத்தில் இருக்கும்போது விசுவாசி அழலாமா?" என்று ஒரு பெரியவர் என் தாயாரை அடக்கியது இன்றும் என்னை உறுத்துகிறது. இறந்துபோன நண்பர் லாசருவை எழுப்பப்போவதை அறிந்திருந்தும் இயேசு கண்ணீர்விட்டார் என்கிறது யோவான் 11. நம்பிக்கையில்லாதவர்களைப்போலத் துக்கப்படாதீர்கள் என்றுதான் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினாரே தவிர, துக்கமே கூடாது என்று எழுதவில்லை. அந்த ஈஸ்டர் அதிகாலையில் கல்லறைத் தோட்டத்தில் எங்கள் சபைப் போதகர் ஐயர் யோவான் 20ஐ வாசித்தார். இயேசுவின் கல்லறையருகே அழுதுகொண்டு நின்ற மகதலேனா மரியாளை இயேசு பெயர் சொல்லி அழைத்த வசனம் வந்ததும் தாயார் வாய்விட்டு அழுதார்கள், யாரும் தடுக்கவில்லை.

மதுரை சகோதரி:
பாளை அண்ணன் அந்தப் பெரியவரைச் சற்றுக் கடுமையாகவே எடைபோடுகிறார் என்று கருதுகிறேன். அவருக்கும் சொல்ல வேறு வார்த்தை கிடைத்திராது. என் கணவர் மறைந்தபோது என்னிடமும் அப்படிப் பேசினார்கள். துக்க வீட்டுக்குச் செல்பவர்கள் லூக்கா 24ஐ வாசித்துவிட்டுச் செல்லலாம். எம்மாவு ஊருக்குத் துக்கத்தோடு நடந்துபோன இரண்டு சீடர்களோடு வழியில் சேர்ந்துகொண்ட உயிர்த்தெழுந்த இயேசு முதலில் வேதத்தை விளக்கவில்லை. எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்டு, நம்பியிருந்தோமே என்று அவர்கள் தங்கள் ஏமாற்றத்தைக் கொட்டித் தீர்க்கும்வரை கூடவே நடந்தார். ஆகவே முதலில் கேளுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசத் தயங்காதீர்கள். நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்து உறவினர் ஊருக்குத் திரும்பிய பிறகும் ஒருமுறை போய்ப் பாருங்கள். உணவு கொண்டு போவதானால் இரவுச் சாப்பாடாகக் கொண்டு போய், அவர்களோடு உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள்.