சிறு குழுவாகப் படிக்க எந்தக் கருவி கைகொடுத்தது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

புள்ளியியல் ஆசிரியை:
காணொளி வகுப்பில் 60 பேரை 15 அறைகளாகப் பிரித்து அனுப்பினேன். ஓர் அறையில் எட்டிப் பார்த்தால் நாலு கறுப்புக் கட்டங்கள், மூச்சுச் சத்தம்கூட இல்லை. நான் வந்தது தெரிந்ததும் ஒருவர் அவசரமாக, "ஆமா, அந்த பி-மதிப்பு..." என்று ஆரம்பித்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த வாரம் எல்லாருக்கும் சேர்த்து ஒரே கூகுள் ஸ்லைட்ஸ் கோப்பு, குழுவுக்கு ஒரு பக்கம் என்று கொடுத்தேன். அறைக்குள் நுழையாமலே யார் பக்கம் காலியாக இருக்கிறது என்று தெரிந்தது. 7ஆம் குழு ஹிஸ்டோகிராம் என்ற பட்டை வரைபடத்தின் அச்சில் எதைப் போடுவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தது. இரண்டு நிமிட வேலை, தீர்ந்தது. யார் எவ்வளவு எழுதினார்கள் என்பதும் கோப்பின் பதிப்பு வரலாற்றில் ஆளுக்கொரு நிறத்தில் கிடைத்துவிடுவதால் தனி மதிப்பெண்ணும் சுலபம்.

வரலாறு, முதுகலை மாணவி:
அந்தக் கடைசி வரியில்தான் நாங்கள் மாட்டினோம். கெடு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒருவர் கூட்டு ஆவணத்துக்குள் வந்தார். எல்லாப் பத்தியிலும் காற்புள்ளியை மாற்றினார், போய்விட்டார். பக்கம் முழுக்க அவர் நிறம். எங்கள் வாதத்தையே புரட்டிப் போட்ட தோழி எல்லாவற்றையும் போனில்தான் சொன்னாள், ஓர் எழுத்துகூடத் தட்டவில்லை. அவளுக்குத்தான் மதிப்பெண் குறைவு. எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இயற்பியல் ஆசிரியர்:
நான் மதிப்பெண்ணே போடுவதில்லை, வாக்கெடுப்பு மட்டும்தான். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மாசூர் 1991இல் தொடங்கிய முறை. முதலில் தனியாக வாக்கு, அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு விவாதம், மறுபடி வாக்கு. சரியான விடை 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால்தான் பேசவிடுவேன். அதற்குக் கீழே போனால் நானே மறுபடி நடத்திவிடுவது நல்லது.

கை தூக்கச் சொன்ன காலத்தில் எல்லாரும் முதல் பெஞ்சைப் பார்த்தே தூக்கினார்கள். போனில் வாக்களிக்கும்போது அந்த வசதி இல்லை! மேலே எறிந்த பந்துக்கு உச்சியில் முடுக்கம் எவ்வளவு என்று கேட்டேன். பாதிப் பேர் பூஜ்யம் என்றார்கள். பின்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவனிடம், "பூஜ்யம்னா பந்து அங்கேயே நின்னுடணுமே, ஏன் கீழே வருது?" என்றாள். நான் அரைமணி நேரம் விளக்கியிருப்பேன்.

புள்ளியியல் ஆசிரியை:
மாணவிக்கு: நானும் அந்த நிறத்தைப் பார்த்துத்தான் போட்டேன். இந்தப் பருவத் தாள்கள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. குழுவாகக் கூப்பிட்டு, யார் என்ன சொன்னார்கள் என்று கேட்கப்போகிறேன்.