ஐரோப்பாவில் மோட்டார்ஹோம் பயணம்: தொண்ணூறு நாளுக்கு மேல் தங்க விரும்பும் பிரிட்டன் தமிழர்களுக்கு

பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்கள் சிலர், பக்கத்து வீட்டு ஓய்வூதியக்காரர் குளிர் தொடங்கியதும் மோட்டார்ஹோமை (படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டியை) கிளப்பிக்கொண்டு ஸ்பெயினுக்குப் போய் வசந்தத்தில்தான் திரும்புகிறார், நாமும் அப்படிப் போய்வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். முடியும். ஆனால் உங்கள் கடவுச்சீட்டுக்கு ஒரு கணக்கு, வண்டிக்கு வேறொரு கணக்கு, பிரிட்டனில் பெறப்போகும் நிரந்தர வதிவுரிமைக்கு இன்னொரு கணக்கு என்று தனித்தனியாக ஓடுகின்றன. இவற்றில் ஒன்றை மட்டும் ஒழுங்காகப் பார்த்துவிட்டு மற்றதை மறந்தவர்கள்தாம் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் என் மனைவியும் இரண்டு குளிர்காலங்களை இப்படிக் கழித்திருக்கிறோம் என்பதால் எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், இன்னும் இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டன் விசா இருப்பதால் மட்டும் ஷெங்கன் நாடுகளுக்குள் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளுக்குள்) நுழையும் உரிமை வந்துவிடாது; குறுகிய பயணத்துக்கே தனி விசா எடுக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, நீங்கள் பிரிட்டனுக்கு வெளியே கழிக்கும் நாட்கள் எண்ணப்படுகின்றன என்பது. திறன்சார் வேலை விசாவில் நிரந்தர வதிவுரிமைக்குக் காத்திருப்பவர் எந்த 12 மாதத்திலும் 180 நாட்களுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. ஐந்தாண்டுக் கணக்கில் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவருக்குப் பொதுவாக மொத்தம் 450 நாட்களும், கடைசி 12 மாதத்தில் 90 நாட்களும்தான் வரம்பு. வேலை விசாவில் இருப்பவருக்கு ஐந்து மாத விடுப்பை யார் தரப்போகிறார்கள் என்பது வேறு கேள்வி. என் கருத்தைக் கேட்டால், நீண்ட பயணத்தைக் குடியுரிமை கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்வதே நல்லது.

பிரிட்டன் கடவுச்சீட்டு இருந்தாலும் 2021 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதிக்குள் எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள்தான் விசா இல்லாமல் இருக்கலாம். இது 29 நாடுகளுக்கும் சேர்த்த ஒரே கணக்கு. பிரான்சிலிருந்து ஸ்பெயினுக்குள் நுழைந்தால் புதிதாக எண்ணத் தொடங்குவதில்லை. எடுத்துக்காட்டாக, 2026 ஜனவரி 5 அன்று நுழைந்து தொடர்ந்து தங்கினால் ஏப்ரல் 4 உங்கள் தொண்ணூறாவது நாள். அன்றே வெளியேறிவிட வேண்டும், ஏனெனில் நுழையும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். ஜூலை 4 அன்றுதான் ஜனவரி 5 கணக்கிலிருந்து உதிர்ந்து, அன்றைய ஒரு நாளுக்கு இடம் கிடைக்கும். பிறகு நாளுக்கு ஒன்றாக உதிர்ந்துகொண்டே வரும். நடுவில், மே மாதத்தில், இரண்டே நாள் பாரிசில் ஒரு கல்யாணம் என்று போனாலும் அது மீறல்தான். கடவுச்சீட்டு முத்திரை மங்கியிருந்தால் யாரும் எண்ணிப் பார்க்காமல் விட்ட காலமும் உண்டு. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த மின்னணு நுழைவு-வெளியேறல் முறை கைரேகையையும் முகப்படத்தையும் பதிந்துகொண்டு நாட்களைத் தானே எண்ணிவிடுகிறது.

தொண்ணூறைத் தாண்ட வேண்டுமென்றால் மோட்டார்ஹோம்காரர்களுக்குப் பொருத்தமாக இருப்பது பிரான்சின் தற்காலிக நீண்டகால வருகையாளர் விசா. ஆறு மாதம் வரைக்கும் இதைக் கேட்கலாம். கட்டணம் 99 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்னரே விண்ணப்பிக்கத் தொடங்கலாம். அதற்கு முன் ஏற்க மாட்டார்கள். பிரான்ஸ் விசா இணையதளத்தில் படிவத்தை நிரப்பி, லண்டன், மான்செஸ்டர், எடின்பரோ மையங்களில் ஒன்றுக்கு நேரில் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும். வங்கி அறிக்கை, முழுக் காலத்துக்கும் மருத்துவக் காப்பீடு, பிரான்சில் வேலை பார்க்க மாட்டேன் என்று கையெழுத்திட்ட உறுதிமொழிக் கடிதம் ஆகியவற்றைக் கேட்பார்கள். அந்த உறுதிமொழியைக் கொடுத்துவிட்டு, வண்டிக்குள் மடிக்கணினியைத் திறந்து லண்டன் அலுவலக வேலையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று திட்டமிடாதீர்கள்.

எங்களைத் திணற வைத்தது தங்குமிடச் சான்றுதான். சக்கரத்தின் மேல் இருக்கும் வீட்டுக்கு என்ன முகவரி கொடுப்பது? ரத்து செய்யக்கூடிய முகாம்தள முன்பதிவுகளைத் தேதி வாரியாக அடுக்கி, வண்டியின் பதிவுச் சான்றின் நகலையும் ஒரு பயணத் திட்டக் கடிதத்தையும் இணைத்தோம். பிரான்சில் உறவினர் இருந்தால், அவருடைய வீட்டில் தங்கும் நாட்களுக்கு அவரிடமிருந்து கடிதமும் அடையாள அட்டை நகலும் வாங்கிக்கொள்ளலாம். பரிசீலனை முடியும்வரை கடவுச்சீட்டு அவர்களிடமே இருக்கும் என்பதால், அந்த வாரங்களில் ஊருக்குப் போகும் பயணச்சீட்டு எதுவும் போட்டு வைக்காதீர்கள்.

இந்த விசாவில் பிரான்சில் கழிக்கும் நாட்கள் 90 நாள் கணக்கில் சேராது. மற்ற ஷெங்கன் நாடுகளில் கழிப்பவை சேரும். நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை விசா என்றால் மொத்தம் 181 நாள். அதில் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் சேர்த்து 90, மீதி 91 பிரான்சுக்குள். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே கடவுச்சீட்டில் எதுவும் பதிவாகாது என்பதால், எங்கே எத்தனை நாள் இருந்தோம் என்பதைக் காட்ட முகாம்தள ரசீதுகளையும் சுங்கச்சாவடிச் சீட்டுகளையும் ஓர் உறையில் போட்டு வையுங்கள். எல்லையில் விசா ஒட்டிய பக்கத்தைத் திறந்தே நீட்டுங்கள். இல்லையேல் சாதாரணப் பயணியாகப் பதிந்துவிடக்கூடும்.

ஸ்பெயினின் வருமானம் ஈட்டாதோர் விசாவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது அங்கேயே குடியிருக்கப் போகிறவர்களுக்கானது. ஊர் சுற்றுபவருக்கு அது தேவையில்லாத சுமை.

இனி வண்டி. உங்களுக்கு விசா கிடைத்ததால் வண்டிக்கும் கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். பிரிட்டனில் பதிந்த வண்டியை ஐரோப்பிய ஒன்றியத்தில் 12 மாதத்துக்குள் 6 மாதம்தான் பொதுவாக வைத்திருக்கலாம். வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் பிரிட்டனின் ஆண்டுச் சோதனையான எம்ஓடி-யை வெளிநாட்டில் செய்ய முடியாது, ஆகவே அது நடுவழியில் காலாவதியாகாதபடி கிளம்புமுன்னே முடித்துவிடுங்கள். காப்பீட்டுப் பத்திரத்தையும் வரிவரியாகப் படியுங்கள். ஐரோப்பா முழுவதும் செல்லும் என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, 90 நாள்தான் என்பதை உள்ளே ஒரு மூலையில் சொல்லும் பத்திரங்கள் உண்டு. எங்களுடையதும் அப்படித்தான் இருந்தது, நல்ல வேளையாகக் கிளம்புவதற்கு முந்தைய வாரமே கண்ணில் பட்டது. 1997 ஜனவரி 1 முதல் பிரிட்டனில் கார் ஓட்டுநர் தேர்வில் தேறியவர்கள், அதாவது புதிதாக வந்த நாமெல்லாம், சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியை அந்த உரிமத்தில் ஓட்டக் கூடாது. பழைய பெரிய வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவதற்கு முன் எடைத் தகட்டைப் பாருங்கள்.

சமையல் விஷயத்தில் இரண்டு செய்திகள். பிரிட்டனில் வாங்கிய எரிவாயு சிலிண்டரை அங்கே மாற்றித்தர மாட்டார்கள், வாய்ப்பகுதி நாட்டுக்கு நாடு வேறுபடும்; மீண்டும் நிரப்பும் தொட்டியைப் பொருத்திக்கொண்டால் பெட்ரோல் நிலையத்திலேயே நிரப்பலாம். பிரான்சில் எரிவாயுவுக்கு ஜிபிஎல் என்று பெயர், பம்பில் கசோல் என்று எழுதியிருப்பது டீசல்; பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். மற்றது சாப்பாடு. பிரிட்டனிலிருந்து இறைச்சியோ பால் பொருளோ கொண்டுபோகக் கூடாது, அதனால் தயிரும் நெய்யும் வீட்டிலேயே நிற்கட்டும். புதிய காய், பழம், இலைகளுக்குத் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் விலக்கு உண்டு, கறிவேப்பிலைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாங்கள் வண்டியைப் பாரிசுக்கு வெளியே ஒரு முகாமில் நிறுத்திவிட்டு, ரயிலில் லா சப்பல் போய் அங்குள்ள நம்மவர் கடைகளில் கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் வாங்கிக்கொண்டு தெற்கே கிளம்புவது வழக்கம்.