வீடியோ கேமும் அறமும்: ஆய்வு வட்டம் நடத்தியவர்களே, இன்னும் உறுத்துகிற ஒரு அமர்வைச் சொல்லுங்கள்

பின்வரிசை

எட்டு மாதமாக மனசில் கிடக்கிறது, இங்கேயாவது இறக்கி வைக்கிறேன். எங்கள் வட்டம் சின்னது. தத்துவம் படிக்கிற நாலு பேர், கேம் உருவாக்குகிற இரண்டு பேர், நான். அன்றைக்குப் புதிதாக வந்தவர் முப்பது வருஷத்துக்கு மேல் அறவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியர். அதுவரை ஒரு கேமைக்கூடத் தொட்டதில்லை. லூகாஸ் போப்பின் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' (2013) போட்டு, மவுஸை அவர் கையில் கொடுத்துவிட்டோம். எல்லைச் சாவடியில் வருகிறவர்களின் தாள்களைச் சோதித்து, உள்ளே விட பச்சை முத்திரை, திருப்பி அனுப்ப சிவப்பு முத்திரை குத்துகிற அதிகாரியாக ஆடுகிற கேம் அது.

அந்தக் கணவன் மனைவி வருகிற இடம் ஆடியவர்களுக்குத் தெரியும். கணவன் முதலில் வருவான், அவன் தாள்களில் குறையில்லை. பின்னால் என் மனைவி வருகிறாள், கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவான். அவளிடம் நுழைவு அனுமதி இருக்காது. திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்பாள். பேராசிரியர் மேடம் சிவப்பு முத்திரைக்கும் பச்சை முத்திரைக்கும் நடுவில் மவுஸை நிறுத்தி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் பச்சையைக் குத்தினார். அவள் போனாள். கொஞ்ச நேரத்தில் அதிகாரி மேசையில் இருக்கிற இயந்திரம் கரகரவென்று எச்சரிக்கைச் சீட்டைத் துப்பியது. மேடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

என் பக்கம் திரும்பி, "இப்படி இன்னும் எத்தனை பேரை விடலாம்?" என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. "ஒரு நாளைக்கு முதல் இரண்டு தப்புக்கு வெறும் எச்சரிக்கைதான் மேடம். மூணாவதுலேர்ந்து சம்பளத்துல பிடிப்பாங்க" என்றேன்.

அதோடு அவர் ஆடுகிற விதமே மாறிவிட்டது. "அப்ப இன்னும் ஒண்ணு இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பாஸ்போர்ட் காலாவதியான ஒருவன் வந்தான். "இவனுக்குப் போய் அதைச் செலவு பண்ண வேண்டாம்" என்று சிவப்பைக் குத்தினார். குத்தியதும் தான் சொன்ன வார்த்தை அவருக்கே கேட்டிருக்க வேண்டும், கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டார். அதற்கப்புறம் அவர் வட்டத்துக்கு வரவில்லை.

இரக்கத்துக்கு ரேஷன் போடுகிற விதி அது. மூன்றாவது சீட்டு வந்து, ராத்திரி வாடகைக்கும் கணப்புக்கும் காசு போதாமல் நிற்கும்போது அவராகவே தெரிந்துகொண்டிருக்க வேண்டியது. நான் முந்திக்கொண்டேன்.

நீள்மழை

எனக்கும் ஒன்று இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

'திஸ் வார் ஆஃப் மைன்' அமர்வு. போஸ்னியப் போரின்போது சரயேவோ நகர முற்றுகையில் மாட்டிக்கொண்ட பொதுமக்களின் அனுபவத்தை வைத்து 2014-இல் போலந்துக்காரர்கள் செய்த கேம் அது, 2020-இல் அந்த நாட்டு அரசே மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நாங்கள் எடுத்துக்கொண்டது அந்த வயதான தம்பதியின் வீடு. ராத்திரி உள்ளே போகிறோம். நம் ஆளுக்கு மருந்து வேண்டும், அது அவர்களிடம் இருக்கிறது. எதிர்க்கத் தெம்பில்லாதவர்கள். எடுப்பதா, விடுவதா?

பேச்சு சூடு பிடித்துவிட்டது. ஒருவர் பயன்வாதம் (விளைவில் நன்மை கூடினால் சரி) என்றார், ஒருவர் கடமை என்றார், ஒருவர் எடுத்தால் நம் பாத்திரம் சோர்ந்து போகிறதே, அதுவும் ஒரு தண்டனைதானே என்றார். ஒரு வருஷமாக வந்துகொண்டிருந்த ஒரு அக்கா, அதிகம் பேசாதவர், அப்போது சொன்னார்: "நீங்க எல்லாரும் கதவுக்கு வெளியில நின்னு பேசுறீங்க. நாங்க உள்ள இருந்தோம்."

அவ்வளவுதான் சொன்னார். எந்தப் போர், எந்த ஊர், எதுவும் சொல்லவில்லை. கேமை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. திரையில் அந்தக் கிழவர் இன்னும் நம் ஆள் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தார்.

அமர்வை நடத்தியவள் நான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "ரொம்ப முக்கியமான கருத்து, நன்றி அக்கா" என்று சொல்லிவிட்டு, கை தூக்கியிருந்த அடுத்தவரைப் பேசச் சொன்னேன்.

சட்டகம்

இரண்டு பதிவுகளோடும் எனக்கு உடன்பாடு இல்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பின்வரிசை, நீங்கள் விதியைச் சொன்னது தப்பே இல்லை. கேமில் விதிதான் பனுவல். ஒரு கேம் தன் வாதத்தை வசனத்தில் வைப்பதில்லை, இயங்குமுறையில் வைக்கிறது என்று கேம் ஆய்வாளர் இயன் போகோஸ்ட் 2007-லேயே எழுதிவிட்டார். அந்த "இரண்டு" தெரியாமல் கேமின் அறத்தைப் பற்றி என்ன பேச முடியும்?

என் அனுபவம் இது. 'பயோஷாக்' பற்றி ஒரு உரை தயாரித்துக்கொண்டு போனேன். அந்தக் கேமில் வரும் சிறுமிகளைக் காப்பாற்றினால் நமக்குக் கிடைக்கும் ஆடம் (புதிய சக்திகளை வாங்க உதவும் பொருள்) குறைகிறது, அவர்களைக் கொன்று உறிஞ்சிக்கொண்டால் கூடுகிறது, ஆகவே காப்பாற்றுவது தியாகம், இந்தக் கேம் நம்மைத் தியாகத்துக்கு அழைக்கிறது என்று நாற்பது நிமிடம் பேசினேன். முடித்ததும் முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்து பலகைக்குப் போனாள். உறிஞ்சினால் தலைக்கு 160, மூன்று பேருக்கு 480. காப்பாற்றினால் தலைக்கு 80, மூன்று பேருக்கு 240, அதோடு மூன்று பேருக்கு ஒருமுறை வரும் பரிசில் 200, மொத்தம் 440. இரண்டு எண்களுக்கும் அடியில் கோடு போட்டுவிட்டு, "நாற்பதுதான் சார் வித்தியாசம். இதுல தியாகம் எங்க இருக்கு?" என்று கேட்டாள். பரிசுப் பெட்டியில் வேறு பொருளும் வரும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

கேலியாகக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்று நின்றாள். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேமை இரண்டு முறை முடித்தவன் நான், ஒருமுறைகூடக் கூட்டிப் பார்த்ததில்லை. அந்தச் சாக்பீஸ் கோடு இன்னும் கண்ணில் நிற்கிறது.

நீள்மழை, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த அக்கா சொன்னது கனமானது, மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் வாழ்ந்ததைச் சொன்னதும் மற்றவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டால் அது ஆய்வு வட்டமாக இருக்குமா? அடுத்தவரைப் பேசச் சொன்னதில் என்ன குற்றம்?

நீள்மழை

@சட்டகம், வாயை மூடச் சொல்லவில்லை அண்ணா. உங்கள் மாணவி பலகையில் எழுதியதும் நீங்கள் என்ன செய்தீர்கள்? அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டீர்கள், உங்கள் வாதம் உடைந்தது. அக்கா சொன்னதும் அப்படி ஒரு கணக்குதான். அந்த வீட்டுக்குள் இருக்கிறவராக ஆட முடியாதபடி கேம் ஏன் செய்யப்பட்டிருக்கிறது என்ற கேள்வி அதில் இருந்தது. எங்களில் ஒருத்தரும் அதை எடுக்கவில்லை. உணர்ச்சி என்று ஒதுக்கி வைத்து நன்றி சொன்னோம், அதுதான் உறுத்துகிறது.

ஏட்டுக்கட்டு

எல்லாவற்றையும் வாசித்தேன். என் கதை இரண்டு வரி. ஆறு வருஷம் முன்னால் ஒரு வட்டம் தொடங்கினேன், முதல் கூட்டத்துக்கு முப்பது பேர், ஐந்தாவது கூட்டத்துக்கு நானும் ப்ரொஜெக்டரும். ஐந்தாவது கூட்டத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு விளக்கை அணைத்தது மறக்கவில்லை.

அதிலிருந்து கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவும். நான் செய்த பெரிய தப்பு, வாசிப்புப் பட்டியலை வாசலில் வைத்தது. விளையாட்டைப் பற்றி ஹோய்சிங்கா எழுதியது (1938) தொடங்கி, கேம் அறம் பற்றிய சிகார்ட்டின் 2009 புத்தகம், கேமில் மதிப்பீடுகள் பற்றி ஃப்ளானகனும் நிஸன்பாமும் சேர்ந்து எழுதிய 2014 புத்தகம் வரை படித்துவிட்டு வாருங்கள் என்றேன். படித்தவர்கள் ஆடவில்லை, ஆடியவர்கள் படிக்கவில்லை, இரண்டு கூட்டமும் ஒன்றுக்கொன்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. இப்போது முதலில் ஆட்டம், பிறகு பேச்சு, வாசிப்பு அடுத்த வாரம், அதுவும் பத்துப் பன்னிரண்டு பக்கம். ஒரு மதிப்பீட்டைப் பற்றிப் படிக்க அதை ஒருமுறை கையால் மீறிப் பார்த்தவனுக்குத்தான் பசி வருகிறது.

ஆடுகிறவர் கையில் கண்ட்ரோலர் இருக்கும்போது மற்றவர்கள் பேசக் கூடாது, இதை எழுதி ஒட்டிவையுங்கள். "இடது பக்கம் போங்க" என்று ஒருவர் சொன்னாலே அந்தத் தேர்வு ஆடுகிறவருடையது இல்லாமல் போய்விடுகிறது. (பின்வரிசை, உங்களுக்காகச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.) பக்கத்தில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்காரட்டும். எங்கே தயங்கினார், எங்கே சட்டென்று அழுத்தினார் என்று குறிக்கட்டும். பிற்பாடு ஆடியவரைக் கேட்டால் காரணம் சொல்வார், ஆனால் அந்தக் காரணம் பெரும்பாலும் பிறகு தைத்த சட்டை.

சேவ் கோப்புகளைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஆண்டு வருகிறவர் அதே இடத்திலிருந்து ஆட முடிந்தால்தான் முந்தைய ஆண்டு வாதத்தை மறுக்க முடியும். பழைய கேம்களில் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இப்போது முறையாகக் கடைக்கு வருவதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்கெடுத்துச் சொன்னது. மூலநூல் கைக்கு எட்டாத துறையில் மேற்கோள் காட்டி என்ன பயன்? 1985-இல் வந்த 'அல்டிமா 4' எட்டு நற்பண்புகளை வைத்துக் கட்டப்பட்டது, கண் தெரியாத மூலிகைக்காரியிடம் காசு குறைத்துக் கொடுத்தால் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளும். இதைப் படித்தவர்கள் நிறைய, தன் கையால் அவளை ஏமாற்றிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

கடைசியாக, உங்கள் வட்டம் தனித்தீவு இல்லை. 'கேம் ஸ்டடீஸ்' ஆய்விதழ் 2001 முதல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, டிக்ரா என்ற ஆய்வாளர் அமைப்பு 2003-இலிருந்து இயங்குகிறது, அதன் மாநாட்டுக் கட்டுரைகள் திறந்தே கிடக்கின்றன. ஆனால் அவர்கள் மொழியில் பேசப் பழகுவதற்கு முன்னால் உங்கள் அறைக்கு ஒரு மொழி வரட்டும். கேம் உருவாக்குகிறவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள், இல்லாவிட்டால் இரண்டாம் முறை வர மாட்டார்கள். அந்த "இரண்டு" ஏன் மூன்றாக இல்லை என்று அவர்களால்தான் சொல்ல முடியும்.

மறுதொடக்கம்

@ஏட்டுக்கட்டு, நல்ல விஷயங்கள்தான், ஆனால் இங்கே யாரும் யோசனை கேட்கவில்லை ஐயா. ப்ரொஜெக்டரோடு தனியாக உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தால் நான் முழுசாகப் படித்திருப்பேன்.

என்னுடையது: 'அண்டர்டேல்' (2015). யாரையும் கொல்லாமல் முடிக்கலாம் என்பதே அந்தக் கேமின் பேச்சு. எல்லாரும் வீட்டில் ஆடிவிட்டு வந்தோம். தொடக்கத்தில் நம்மைத் தாய் போலப் பார்த்துக்கொண்டு, பிறகு வெளியே போக விடாமல் வழிமறிக்கிற டோரியலை என்ன செய்தீர்கள் என்று சுற்றி வரக் கேட்டார்கள். காப்பாற்றினேன், காப்பாற்றினேன், காப்பாற்றினேன். என்னோடு சேர்த்துப் பதினொரு பேர். என் முறை வந்தது, நானும் அதையே சொன்னேன்.

பொய். தெரியாமல்தான் கொன்றேன். கொஞ்சம் அடித்துப் பலவீனமாக்கினால் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன், ஒரே அடியில் செத்துப்போனாள். கேமை மூடிவிட்டுப் பழைய சேவிலிருந்து திரும்ப வந்து காப்பாற்றினேன். அதற்கப்புறம் அந்தக் கேமில் வரும் பேசும் பூ வந்து, நீ செய்தது எனக்குத் தெரியும், அவளைக் கொன்றாய், மனசு கேட்காமல் திரும்பி வந்தாய் என்கிற அர்த்தத்தில் பேசுகிறது. எனக்குக் கை சில்லிட்டுவிட்டது.

எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் பன்னிரண்டாவது ஆள், ஒரு பள்ளி ஆசிரியர். "கொன்னேன், அப்புறம் திரும்ப லோடு பண்ணினேன். பூ என்னைத் திட்டுச்சு. உங்க யாரையும் திட்டலையா?" என்று நிஜமாகவே கேட்டார். அறையில் சத்தமே இல்லை. பிறகு ஒரு கை, இன்னொரு கை, மொத்தம் ஐந்து கை உயர்ந்தது. என் கை மடியிலேயே இருந்தது. இதை இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

சட்டகம்

மறுதொடக்கம், நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்த மாணவி கேட்ட அன்றைக்கு, "ஏற்கெனவே கவனித்த விஷயம்தான்" என்று எல்லார் முன்னாலும் சொல்லி உட்கார வைத்தேன். மேலே எழுதும்போது அதை விட்டுவிட்டேன்.

நீள்மழை, உங்கள் கேள்வியை இப்போதுதான் சரியாக வாசித்தேன். வீட்டுக்குள் இருக்கிறவராக ஏன் ஆட முடியாது? அந்தக் கேமில் நம் இருப்பிடத்துக்கும் ராத்திரியில் கொள்ளைக்காரர்கள் வருகிறார்கள். ஆனால் நாம் விழித்துப் பார்க்கும்போது காலையாகிவிடும், எது போயிற்று, யாருக்குக் காயம் என்ற பட்டியல்தான் மிச்சம். நாம் கொள்ளையடிக்கும்போது மட்டும் ஒவ்வொரு அடியும் நம் கையில் இருக்கிறது. இதை நான் இதுவரை யோசித்ததில்லை. இது அந்த அக்காவின் கேள்வி, அவரிடமே கேட்டு, அவர் பெயரோடு எழுதப்பட வேண்டியது.

நீள்மழை

எழுத வருவாரா என்று கேட்கிறேன். முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பின்வரிசை

இந்தத் திரியைத் தொடங்கியதற்கு அப்புறம் மேடத்துக்குப் போன் செய்தேன். நான்தான் குறுக்கே வந்து கெடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சொந்தமாகவே அந்தக் கேமை வாங்கி வைத்திருக்கிறார், பேரன் போட்டுக் கொடுத்தானாம், மூன்றாவது தடவையாக ஆடிக்கொண்டிருக்கிறார். வட்டத்துக்கு வராததற்கு முழங்கால் வலிதான் காரணமாம்.

"ஒண்ணு சொல்லுப்பா" என்றார். "இந்தத் தடவை அந்தப் புருஷனையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிட்டா, ரெண்டு பேரும் ஒண்ணாவாவது இருப்பாங்களா?"

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "ஆடிப் பாருங்க மேடம்" என்று மட்டும் சொன்னேன்.