மூணு இலையா நாலு இலையா, எண்ணிப் பாக்காம பறிச்சவ கதை

போன ஆடிச் சாரல்ல எங்க வீட்டுப் பின்னாடி புல்லுக்கு ஊடால தரையோட தரையா ஒண்ணு படர்ந்துச்சு, குட்டி குட்டி இலை, நகத்தளவு மஞ்சப்பூ. நான் ஆரக்கீரைன்னு நெனச்சு ஒரு கை பறிச்சு பாசிப்பருப்புல போட்டு கடைஞ்சிட்டேன். வீட்டுக்காரர் ஒரு வாய் வச்சிட்டு "புளிய ஏன் இம்புட்டு போட்ட"ங்காரு, நான் புளி டப்பாவத் தொடவே இல்ல! அத்தை மிச்சக் கீரைய எடுத்துப் பாத்துட்டு, "ஏட்டி, ஆரைக்கு நாலு இலைலா, அது பூக்கவும் செய்யாது. இது மூணு இலை, புளியாரைல்லா"ன்னு ஒரே சிரிப்பு. கேரளா எல்லையில இருக்க புளியரை செக்போஸ்ட்டத் தாண்டி தெனம் பஸ்ல போறவளுக்கு புளியாரை தெரியலன்னு இன்னிக்கு வரைக்கும் ஓட்டுறாக.

அப்புறந்தான் உத்துப் பாத்தேன். ஒவ்வொரு இலையும் நுனியில பிளந்து ஹார்ட் மாதிரி இருக்கு, பொழுது சாஞ்சா குடை மடக்குன மாதிரி மடங்கிருது. தண்டு தரையத் தொடுற கணுவுல எல்லாம் வேர் விடுது, அதான் மேல புடிச்சு இழுத்தா பாதி மண்ணுக்குள்ளயே தங்கிருது. காய் வெண்டைக்காய் பொடிசா நட்டக்குத்தலா நிக்கும், முத்துனதத் தொட்டா பட்டுன்னு வெடிச்சு விதை மூஞ்சில அடிக்கும். காய் முத்துறதுக்கு முன்னாடி, மண்ணு ஈரமா இருக்கும்போது, கொத்து வச்சு வேரோட எடுத்தாத்தான் உண்டு.

இதப் பத்தி இன்னும் ரெண்டு பேர் சொன்னது:

*ஆரியங்காவுல வாக்கப்பட்டவ:* இங்க மலையாளத்துல இதுக்குப் பேரு புளியாறில. மாமியார் ஒரு பிடி கசக்கி நிலவிளக்கத் தேய்ப்பாங்க, பித்தளை பளபளன்னு ஆயிரும். புளியில டார்டாரிக் ஆசிட் மாதிரி இதுல ஆக்ஸாலிக் ஆசிட், அது களிம்ப எடுத்துரும். சின்னதுல ஸ்கூல் கிரவுண்டுல உப்பு தொட்டு தின்னுருக்கோம், வீட்டுல தெரிஞ்சா அடிதான்.

*தென்காசி மாடித்தோட்டம்:* துவையல் நல்லாருக்கும்தான், ஆனா கிட்னில கல்லு வந்தவங்க இந்தப் பக்கமே போவாதீங்க, எங்க அண்ணனுக்கு டாக்டர் கண்டிச்சே சொல்லிட்டாரு. எனக்கு இது வந்தது நர்சரில வாங்குன ரோஜாத் தொட்டி வழியா. ஒரே ஒரு செடி, மஞ்சப்பூ அழகா இருக்கேன்னு விட்டு வச்சேன், ரெண்டு மாசத்துல பதினோரு தொட்டி.

திரும்ப எங்க வீட்டுக் கதைக்கு வாரேன்: எங்க அத்தை இப்ப புளியாரைலதான் தெனமும் துவையல் கேக்காக. நான் களைன்னு புடுங்குனா, "வேரை விட்டுட்டுப் புடுங்கு"ங்காக.