நேரியமங்கலம் பாலம் வெள்ளைக்காரன் கட்டினதா?

தேனிப் பையன்:
போன வாரம் மூணாறு போய்ட்டு அப்படியே கொச்சி இறங்கினோம். நேரியமங்கலத்துல பெரியாறு மேல வளைவு வளைவா ஒரு கான்கிரீட் பாலம். எதிர்ல பஸ் வருதுன்னு வண்டியை இக்கரையிலயே நிறுத்திட்டாங்க. கொச்சி–தனுஷ்கோடி ரோடுன்னு சொல்ற தேசிய நெடுஞ்சாலை, இம்புட்டு ஒடுக்கமாவா இருக்கும்? வெள்ளைக்காரன் கட்டினதுன்னார் டிரைவர். அப்படியா?

லயத்துக்காரன்:
இல்ல தம்பி, திருவிதாங்கூர் சமஸ்தானம் கட்டினது. 1935ல சித்திரைத் திருநாள் மகாராஜா திறந்து வச்சார்.

ஆனா காரணம் 1924 வெள்ளம். மலையாள வருஷம் 1099, அதனால அங்க பெரிசுங்க இன்னமும் ‘தொண்ணூத்தொம்பது வெள்ளம்’னுதான் சொல்வாங்க. அதுக்கு முந்தி ஆலுவா–மூணாறு பாதை பூயங்குட்டி, மாங்குளம் காட்டு வழியாப் போச்சு. மலை சரிஞ்சு பாதை போயிருச்சு. மூணாறு–டாப் ஸ்டேஷன் குட்டி ரயிலும் அதோட முடிஞ்சது. (டாப் ஸ்டேஷன்ல இருந்து தேயிலை, ரோப்வேயில நம்ம கொட்டகுடிக்கு இறங்கும். போடிக்காரங்க வீட்டுல கேட்டுப் பாருங்க.) அப்புறம் அடிமாலி வழியாப் புது ரோடு போட்டாங்க. அதுக்கு ஆத்தைத் தாண்டணுமே!

நீளம் 214 மீட்டர், அகலம் 4.9தான். அன்னிக்கு ஓடின வண்டிக்கு அதுவே தாராளம்.

எங்கப்பா எஸ்டேட் லாரி டிரைவர். பாலம் வந்தா “கையை உள்ள இழுடா”ம்பார். தூண் ஒவ்வொண்ணும் மூஞ்சிக்கிட்ட வந்துட்டுப் போகும், வெயிலும் நிழலும் மாறி மாறி மடியில விழும். ஒரு தடவை எதிர்த்த லாரிக்காரன் பொறுக்காம நுழைஞ்சு நடுப்பாலத்துல மூஞ்சிக்கு மூஞ்சி நின்னுட்டோம். கடைசியில ரிவர்ஸ் எடுத்தது அப்பாதான். அந்தக் கடுப்புல அடிமாலி வரைக்கும் வாயைத் திறக்கல. சீயப்பாறை அருவிகிட்டக்கூட நிறுத்தல, எனக்கு அதான் வருத்தம்.

சிமென்ட் சித்தப்பு:
வளைவு ஏன் ரோட்டுக்கு மேல இருக்குன்னு யாரும் கேக்கலியே! வளைவுதான் வில், வண்டி ஓடுற தளம்தான் நாண். பாரம் ஏறினா வில்லோட ரெண்டு நுனியும் வெளிய விரியப் பாக்கும், நாண் இழுத்துப் பிடிச்சுக்கும். அண்ணன் சொன்ன தூண், தளத்தை வில்லுல தொங்க விடுறது. ஆத்துக்குள்ள நிக்கிற கால் எடையை மட்டும் தாங்கினாப் போதும். கீழ வெள்ளம் போகவும் இடம் கிடைக்கும்.

தேனிப் பையன்:
ஆலுவா பாலமும் இதே ஜாடைதானே? ரெண்டும் ஒரே வருஷமா?

லயத்துக்காரன்:
அது மார்த்தாண்ட வர்மா பாலம், 1940. ஆறு அதே பெரியாறுதான். அங்க மூணு வளைவு, இங்க அஞ்சு. 2018 வெள்ளத்துல அந்த மலை ரோடு எத்தனை இடத்துல பேத்துக்கிட்டுப் போச்சு, நேரியமங்கலம் பாலம் அப்படியே நின்னுச்சு. அடுத்த தடவை போனா வண்டியை ஓரங்கட்டிட்டு நடந்து பாருங்க. பெரிய வண்டி ஏறினா காலுக்கடியில லேசா அதிரும். பயந்துறாதீங்க.