வயிற்று நரம்பு ஊசி போட்டுக்கொண்டவர்கள் உண்டா?

வணக்கம். சிங்கப்பூர் யீஷூனில் இருக்கும் என் அக்காவுக்கு நாள்பட்ட கணைய அழற்சி. சாப்பிட்டதும் மேல்வயிற்றில் தொடங்கும் வலி முதுகு வரை பாய்கிறது. தலையணையை வயிற்றோடு அழுத்திக் குனிந்தே உட்கார்ந்திருக்கிறார். வீரியமான மாத்திரைகள் மலச்சிக்கலைத்தான் மிச்சம் வைத்தன.

மருத்துவர் இப்போது 'சீலியாக் பிளெக்சஸ் பிளாக்' செய்யலாம் என்கிறார். பெருந்தமனியை ஒட்டிய நரம்புப் பின்னலில், சிடி ஸ்கேன் அல்லது எண்டோஸ்கோப் அல்ட்ராசவுண்ட் வழிகாட்ட, மரப்பு மருந்தும் ஸ்டீராய்டும் செலுத்துவார்களாம். கத்தி வைக்க வேண்டியதில்லை. ஆனால் நிவாரணம் சில வாரங்களோ மாதங்களோதான். ரத்த அழுத்தம் இறங்கலாம், வயிற்றுப்போக்கும் வரலாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

இங்கே யாராவது செய்துகொண்டீர்களா? முதுகு வழியா, வாய் வழியா? எப்போது வேலைக்குத் திரும்பினீர்கள்? மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) செலவில் எவ்வளவு தாங்கியது? கஷாயக் குறிப்புகள் அம்மாவிடமே ஏராளம். தயவுசெய்து அனுபவம் மட்டும் சொல்லுங்கள்.